செவ்வாய்க்கிழமை போட்ட நோட்டீஸ்

எங்கள் தொழிற்சாலையில் இருந்த ஏழு அறிவிப்புப் பலகைகளையும் கழற்றச் சொன்னவன் நான்தான். யாரும் என்னை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. 'இருபத்தோராம் நூற்றாண்டில் நமது உள்தொடர்பு' என்று தலைப்பிட்டு, பதினோரு பக்கம் தட்டச்சு செய்து, ஒன்பதாம் பக்கத்தில் அந்தப் பரிந்துரையை நானாகவே வைத்தேன். 'நிறுவனத்தின் நரம்பு மண்டலம்' என்ற தொடர் அதில் நான்கு முறை வருகிறது. நரம்பு மண்டலத்தைப் பற்றி எனக்கு அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பிறகு முதுகுவலிக்காகப் பார்த்த டாக்டர் படம் போட்டு விளக்கினார். இன்றைக்கும் தெரியாது.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. போன மாதம் என் பழைய துறையிலிருந்து இரண்டு இளைஞர்கள் மைசூரில் என் வீட்டுக்கு வந்தார்கள். நிறுவனத்தின் உள்சுற்றுப் பத்திரிகை அடுத்த இதழோடு நிற்கிறதாம். இனிமேல் எல்லாமே கம்ப்யூட்டரில்தானாம். கடைசி இதழுக்கு, பணியிடத்தில் உள்தொடர்பின் எதிர்காலம் பற்றி எண்ணூறு சொற்களில் ஏதாவது வேண்டும் என்றார்கள். ஐம்பத்திரண்டு வயதில் விருப்ப ஓய்வு கொடுத்து வெளியே அனுப்பப்பட்டவனிடம் எதிர்காலம் கேட்டு வந்திருக்கிறார்களே என்று முதலில் சிரிப்பு வந்தது. அவர்கள் போனபிறகு சிரிப்பு நின்றுவிட்டது. இந்த விஷயத்தை யாராவது எடுத்தாலே எனக்கு ஒரு புதன்கிழமை நினைவுக்கு வரும். எண்ணூறு சொற்களில் அது அடங்கவில்லை. அடங்கியிருந்தாலும் அவர்கள் போட்டிருக்க மாட்டார்கள்.

நான் தொழில் கற்ற வருடங்களைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். மூன்று வருடம் ஸ்டென்சில் வெட்டினேன். இரண்டு வருடம் சைக்ளோஸ்டைல் இயந்திரத்தின் மையைச் சட்டையில் வாங்கிக்கொண்டேன். அதன் பிறகு மற்றவர்கள் வெட்டிய ஸ்டென்சிலில் பிழை கண்டுபிடித்தேன். இதற்குப் பதவி உயர்வு என்று பெயர். நஞ்சன்கூடு பக்கம், தண்ணீர்ப் பம்புகள் செய்யும் தொழிற்சாலை. தொழிலாளர்களில் கன்னடக்காரர்கள் பாதி. மீதியில் பெரும்பகுதி கொள்ளேகால், ஹனூர் பக்கத்துத் தமிழர்கள். ஆகவே எந்தச் சுற்றறிக்கையும் கன்னடம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் போகவேண்டும். தமிழ் என் பொறுப்பு. எந்த மொழியிலிருந்து வந்தாலும் புரியாதபடி தமிழாக்க எனக்கு வந்திருந்தது.

அந்தத் திறமையை ஒழித்துக்கட்டப் பார்த்தவர் என் மேலதிகாரி கேசவமூர்த்தி. பணியாளர் துறை மேலாளர். என்னோடு கன்னடத்தில்தான் பேசுவார். நான் தமிழில் தருகிறேன். 'என்னங்க' என்று பொருள்படும் 'ஏன்ரீ'யை மட்டும் அப்படியே விடுகிறேன். அவர் வாயில் அது வணக்கம், விசாரணை, கண்டனம் எல்லாவற்றுக்கும் பயன்பட்டது.

கேசவமூர்த்தி சுற்றறிக்கையை உட்கார்ந்து படித்து நான் பார்த்ததில்லை. நான் எழுதியதை மேசையில் வைத்ததும் எழுந்திருப்பார். அலமாரியின் கொக்கியில் தொங்கும் தன் சாப்பாட்டுப் பையை எடுத்து இடது கையில் பிடித்துக்கொள்வார். உள்ளே மூன்றடுக்கு டிபன் கேரியர். காகிதத்தைச் சுவரில் கண் உயரத்தில் வைத்து, வலது கையால் அழுத்திக்கொண்டு, உதடு அசையப் படிப்பார். பாதியில் கை வலித்துப் பையை மாற்றிப் பிடித்தால் அறிக்கை நீளம் என்று தீர்ப்பு.

"ஏன்ரீ ராகவன், எட்டு மணி நேரம் நின்னு வேலை செஞ்சவன் பஸ்ஸுக்கு ஓடற வழியில நின்னு படிக்கிறான். அவனுக்குக் கை வலிக்க ஆரம்பிச்சாச்சு. நீங்க இன்னும் 'மேற்கண்ட பொருள் தொடர்பாக'வைத் தாண்டலையே."

பலகையில் ஒட்டுவதற்கும் அவரிடம் முறை இருந்தது. நான்கு மூலைக்கும் நான்கு பின். மூன்று கூடாது. ஒரு மூலை மடங்கினால் தேதி மறையும். தேதி மறைந்தால் நோட்டீஸே இல்லை என்று ஒரு வக்கீல் எழுந்து நிற்பான் என்பார். கீழே பச்சை மையில் அவர் கையெழுத்து, பக்கத்தில் சீல். ஒட்டிய நேரத்தைப் பதிவேட்டில் எழுதி இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போடவேண்டும். அதில் ஒருவர் கட்டாயம் தொழிலாளியாக இருக்க வேண்டும்.

நோட்டீஸ்களில் மிகவும் கனமானது விடுப்பு முடிந்தும் வராதவர்களுக்குப் போடுவது. நிலையாணை என்று ஒன்று உண்டு, தொழிற்சாலையின் சட்டப் புத்தகம். அதன்படி, விடுப்பு முடிந்து பத்து நாள் ஆகியும் ஒருவர் வரவில்லை என்றால் பதிவுத் தபால் அனுப்பி, பலகையிலும் நோட்டீஸ் போட வேண்டும். போட்ட நாளை விட்டு எட்டு நாளுக்குள் அவர் எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும், அல்லது நேரில் வந்து நிற்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் பெயர் நீக்கப்படும். விசாரணை கிடையாது.

இந்த நோட்டீஸைக் கேசவமூர்த்தி சனிக்கிழமை மதியம் மட்டும்தான் ஒட்டவைப்பார். திங்கட்கிழமையே தயாராக இருந்தாலும் அவருடைய இழுப்பறையில் சனிக்கிழமைவரை கிடக்கும். ஏன் என்று ஒரு தடவை கேட்டேன். "சனிக்கிழமை நல்ல நாள்ரீ" என்றார். சனிக்கிழமையை நல்ல நாள் என்று சொல்லி நான் கேட்ட ஒரே ஆள் அவர்தான். வயதாகிவிட்டது, ஏதோ நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டேன். நான் நிறையப் படித்தவன். படித்தவனுக்கு மற்றவர்கள் செய்வது புரியாவிட்டால் அதை மூடநம்பிக்கை என்று வகைப்படுத்தி வைக்கும் வசதி உண்டு.

பிறகு பம்பாயிலிருந்து புதிய பொது மேலாளர் வந்தார். இருபத்திரண்டு கம்ப்யூட்டர்களும் கூடவே வந்தன. தொண்ணூறுகளின் நடுவில் எல்லா ஊரிலும் நடந்ததுதான். அவர் ஒவ்வொரு துறையிடமும் எதிர்காலம் பற்றி ஒரு குறிப்புக் கேட்டார். கேசவமூர்த்திக்கு ஓய்வுக்குச் சில மாதங்களே இருந்தன. அவர் நாற்காலி காலியாகப் போகிறது. இதை நான் யோசிக்கவே இல்லை என்று சொன்னால் பொய். பதினோரு பக்கம் பிறந்தது அப்படித்தான். ஒரே செய்தியைப் பலகையிலும் கம்ப்யூட்டரிலும் போடுவது இரட்டை வேலை, ஆகவே பலகைகள் நீங்கலாம் என்று எழுதினேன்.

கேசவமூர்த்தி என் குறிப்பையும் பையோடு நின்றுதான் படித்தார். மூன்றாம் பக்கத்தில் பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். "ஏன்ரீ, இதைப் பலகையில ஒட்டினா பலகை தாங்காது" என்றார். அதற்குமேல் தடுக்கவில்லை. பொது மேலாளர் என் கையைக் குலுக்கினார். கம்ப்யூட்டரில் வந்தாலே நோட்டீஸ் போட்டதாகக் கணக்கு என்று உத்தரவு போட்டார். தசரா விடுமுறைக்கு முன்பே பலகைகள் இறங்கிவிட்டன. அவை இருந்த இடங்களில் பழைய சுண்ணாம்பு நிறத்தில் ஏழு செவ்வகங்கள் மிஞ்சின.

தசரா முடிந்து மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு, வார்ப்படப் பிரிவைச் சேர்ந்த மாதப்பனுக்கு வராமை நோட்டீஸ் போட்டேன். பதினான்கு வருட அனுபவமுள்ளவர். ஆறு நாள் விடுப்பில் ஊருக்குப் போனவர், அதற்குமேல் பத்து நாள் ஆகியும் வரவில்லை. கேசவமூர்த்தி அன்றைக்கு லேபர் கோர்ட்டில் இருந்தார். காத்திருக்க என்ன இருக்கிறது? ஒரு பொத்தானை அழுத்தினேன். மை இல்லை, பின் இல்லை, சாட்சி இல்லை. எதிர்காலத்தில் கை எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று வியந்துகொண்டே காப்பி குடிக்கப் போனேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பிற்பகல் செல்வராஜ் என் அறைக்கு வந்தார். மாதப்பனோடு நஞ்சன்கூட்டில் ஒரே அறையில் தங்குகிறவர். வேறு ஏதோ படிவம் வாங்க வந்தவர், போகிற போக்கில் சொன்னார்.

"மாதப்பன் வர இன்னும் மூணு வாரமாகும் போல சார். டிராக்டர்ல இருந்து வுழுந்து கால் ஒடிஞ்சு கெடக்கறான். நல்லவேளை, நோட்டீஸ் ஒண்ணும் போடலை."

"போட்டாச்சே. போன செவ்வாய்க்கிழமையே."

"எங்க சார்? பலகையே இல்லீங்களே. பலகைய எடுத்துட்டாங்க, இனிமே நோட்டீஸே கெடையாதுன்னுதான் நாங்க பேசிக்கிட்டோம். புது சார் நல்லவருன்னு."

அவரை இழுத்துக்கொண்டு வார்ப்படப் பிரிவுக்கு ஓடினேன். அங்கிருந்த ஒரே கம்ப்யூட்டர் மேற்பார்வையாளரின் கண்ணாடி அறையில் இருந்தது. ஆயுதபூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் திரையில் அப்படியே இருந்தன. மேலே காய்ந்த சாமந்தி மாலை. பூஜைக்குப் பிறகு ஒருவரும் அதைத் தொடவில்லை. மணல் தூசு விழக்கூடாது என்று பிளாஸ்டிக் உறை வேறு போட்டு, கழுத்தில் கயிறு கட்டியிருந்தார்கள்.

பதிவுத் தபால் என்ன ஆயிற்று என்று பார்த்தேன். அன்று காலைதான் திரும்பி வந்திருந்தது. மாதப்பன் வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த முகவரிக்கு, மைசூர் தேவராஜ மொஹல்லாவில் ஒரு மாடி அறைக்குப் போயிருக்கிறது. அங்கே இப்போது வெங்காய மண்டி. முகவரி மாற்றத்துக்கு ஒரு படிவம் உண்டு. அது எங்கள் துறையில் கிடைக்கும் என்பது எங்கள் துறைக்கு மட்டும் தெரியும்.

கெடு, மறுநாள் புதன்கிழமை மாலை ஐந்து மணி.

கேசவமூர்த்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எந்தக் கிழமை போட்டீங்க?"

"செவ்வாய்க்கிழமை சார்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சனிக்கிழமை மதியம் போட்டா, முதல் ஷிப்ட் முடிஞ்சு ஹனூர்க்காரங்க எல்லாம் பாத்துட்டு நாலு மணி பஸ் ஏறுவாங்க. கண்டக்டர் முதக்கொண்டு எல்லாருக்கும் தெரிஞ்சுடும். ராத்திரிச் சாப்பாட்டுக்குள்ள அந்த வீட்டுக்குச் சேதி போயிடும். ஞாயித்துக்கிழமை சொந்தக்காரன் ஒருத்தன் காயிதம் எழுதி வாங்கி, திங்கக்கிழமை காலையில எங்கிட்டக் கொண்டுவருவான். பத்தொன்பது வருஷமா ஒருத்தன் பேரும் தவறி நீங்கினதில்லை."

"இதை நீங்க எனக்குச் சொல்லவே இல்லையே சார்."

"நீங்க கேட்டீங்க. நல்ல நாள்னு சொன்னேன். அதுக்குமேல நீங்க கேக்கலை."

கெடுவை நீட்ட முடியுமா என்றேன். முடியாது என்று தலையை ஆட்டினார். வார்ப்படப் பிரிவில் ஆள் குறைக்க வேண்டும் என்று மேலே பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஒரு பெயர் தானாகவே நீங்கினால் அதைத் திரும்ப எழுத யாருக்கும் மனசு வராது. தந்தி கொடுக்கலாமா என்றேன். அறை வாசலில் நின்ற செல்வராஜ், "தந்தின்னா யாரோ செத்துட்டாங்கன்னு வூடே அழும் சார். அழுது முடிச்சுப் படிக்கறதுக்குள்ள புதன்கிழமை போயிரும்" என்றார். மாதப்பன் ஊரில் போன் இல்லை.

"நானே போறேன்" என்றேன். வெளிவேலைச் சீட்டை நீட்டினேன். 'நோக்கம்' என்ற இடத்தில் கேசவமூர்த்தி பச்சை மையில் ஒரே சொல் எழுதினார்: உள்தொடர்பு.

புதன்கிழமை முதல் பஸ்ஸில் மைசூரை விட்டேன். கொள்ளேகால், ஹனூர், அங்கிருந்து மக்காச்சோளத் தட்டை ஏற்றிய டிராக்டர். நான் மாதப்பன் வீட்டு வாசலை அடைந்தபோது பத்தே முக்கால். கயிற்றுக் கட்டிலில், முழங்காலுக்குக் கீழே மூங்கில் பட்டை வைத்துக் கட்டிய காலோடு படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தார்.

"படுத்துக்கிட்டே பேசுங்க. எந்திரிச்சா மறுக்காவும் ஒடியும்" என்றார் அவர் மனைவி பழனியம்மா. பிறகு என்னைத் தலை முதல் கால்வரை பார்த்தார். பணியாளர் துறை ஆள் வீடு தேடி வந்தால் எந்தக் குடும்பமும் அப்படித்தான் பார்க்கும்.

விஷயத்தைச் சொல்லி, கம்ப்யூட்டரில் எடுத்த நோட்டீஸ் பிரதியைக் கொடுத்தேன். மாதப்பன் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எங்க ஒட்டியிருந்துச்சுங்க?"

"ஒட்டலை. கம்ப்யூட்டர்ல போட்டோம்."

"அது சூப்பர்வைசர் ரூமுல அல்லங்க இருக்குது? நாங்க உள்ள போனா வெளிய போன்னு வெரட்டுவாருங்களே."

இந்தக் கேள்விக்குப் பதினோரு பக்கத்தில் எங்கும் பதில் இல்லை. அதை விட்டுவிட்டு, அவருக்காக ஒரு விளக்கக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். நான் போட்ட நோட்டீஸுக்கு நானே பதில் எழுதினேன். என் வாழ்நாளில் நான் எழுதியவற்றில் மிகத் தெளிவானது அதுதான். பையைக் கை மாற்றாமல் படித்துவிடலாம். பேனாவை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"தப்பா நெனைக்காதீங்க சார். ஆபீசுலருந்து வூடு தேடி வந்து கையெழுத்துக் கேட்டா, அது வேலைய வுட்டுட்டேன்னு எழுதி வாங்கத்தான்னு சொல்றாங்க."

"படிச்சுப் பாருங்க மாதப்பன். அப்படி ஒண்ணும் இதுல இல்லை."

"படிச்சேனுங்க. ஆனா பச்சை மை இல்லை, சீலும் இல்லை. நோட்டீஸுன்னு குடுத்தீங்களே, அதுல ஓரம் பூரா ஓட்டை. லைட் பில்லாட்டம் இருக்குது. இத நம்பி நான் எதுல கையெழுத்துப் போடறதுங்க?"

"கையெழுத்துப் போடாதீங்க" என்றார் பழனியம்மா அவரிடம். என்னிடம் திரும்பி, "காப்பி குடிக்கிறீங்களா?" என்றார்.

அவர்கள் பயம் வெறும் பயம் இல்லை. அந்த வருடம் வேறொரு தொழிற்சாலையில் அப்படியே நடந்திருந்தது. நான் சத்தியம் செய்தேன். செல்வராஜ் பெயரைச் சொன்னேன். என் மகள் பெயரைக்கூடச் சொன்னேன். இருபத்தைந்து வருடம் அவர்களுக்காக நோட்டீஸ் எழுதியவன் நான். என் எழுத்தை அவர்கள் அத்தனை நாள் நம்பியது நான்கு பின்னுக்காகவும் ஒரு பச்சைக் கையெழுத்துக்காகவும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மணி பதினொன்றரை. பதினான்கு வருட வேலை ஒரு கட்டிலில் படுத்துக்கொண்டு என்னைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

தீர்த்துவைத்தவர் பழனியம்மாதான். "காயிதமெல்லாம் வேண்டாம். ஆளே போகட்டும். கேட்டுல நின்னு கேசவமூர்த்தி சாருகிட்ட வாயால சொல்லிட்டு வரட்டும். அதுக்குச் சட்டம் எடம் குடுக்குதுங்களா?"

கொடுக்கிறது. நேரில் வந்து நிற்கலாம் என்று நிலையாணையில் இருப்பதை நானே மறந்திருந்தேன்.

டிராக்டரில் தட்டை மேல் படுக்கவைத்து ஹனூர் வந்தோம். பஸ்ஸில் கண்டக்டர் கடைசி நீள சீட்டைக் காலி செய்து கொடுத்தார். மாதப்பன் குறுக்கே கால் நீட்டிப் படுக்க, ஒவ்வொரு வேகத்தடைக்கும் நான் அந்தக் காலைக் கையில் தாங்கிக்கொண்டேன். கொள்ளேகாலில் ஒரு பஸ்ஸை ஐந்து நிமிடத்தில் தவறவிட்டோம். அடுத்தது இரண்டே காலுக்கு. அந்த இடைவெளியில் என் கடிகாரத்தை எத்தனை தடவை பார்த்தேன் என்று தெரியாது. மாதப்பன் கடைசியில், "சார், அதப் பாத்தா பஸ் வந்துருமுங்களா?" என்று கேட்டார். நஞ்சன்கூட்டில் இறங்கியபோது நாலரை. ஆட்டோவில் தொழிற்சாலை வாசலுக்கு வந்தபோது ஐந்துக்குப் பதினைந்து நிமிடம் இருந்தது.

காவலாளி மறித்தார். "பாதுகாப்பு ஷூ இல்லாம யாரையும் உள்ள விடக்கூடாது சார். கம்ப்யூட்டர்ல வந்திருக்குது." இருபத்திரண்டில் ஒழுங்காகப் படிக்கப்பட்ட ஒரே கம்ப்யூட்டர் காவல் அறையில் இருந்தது. மாதப்பனின் மூங்கில் காலுக்கு எந்த அளவு ஷூ என்று நான் கேட்கவில்லை. உள் தொலைபேசியில் கேசவமூர்த்தியைக் கூப்பிட்டேன்.

அவர் நிர்வாகக் கட்டடத்திலிருந்து வாசல்வரை தன் வழக்கமான நடையில் வந்தார். அந்த மனிதர் எதற்கும் ஓடியதில்லை. நான் ஓடிப் போய் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தால் என்ன என்று தோன்றியது. வந்தார். மாதப்பனின் காலைப் பார்த்தார். "ஏன்ரீ மாதப்பா, வலிக்குதா?" என்றார். ஒரு வெள்ளைத் தாளை வாசல் தூணில் வைத்து அழுத்தி, 'இன்று மாலை நான்கு ஐம்பத்தாறுக்கு நேரில் வந்து காரணம் கூறினார்' என்று பச்சை மையில் எழுதி, சட்டைப் பையிலிருந்து சீல் எடுத்து அடித்தார். மாதப்பன் அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். சாட்சியாகக் காவலாளியும் போட்டார்.

ஏழு வாரம் கழித்து மாதப்பன் வேலைக்குத் திரும்பினார். இப்போதும் இருக்கிறார். பலகைகள் திரும்பவில்லை. கேசவமூர்த்தி ஓய்வு பெற்றுப் போனார். அவர் நாற்காலி எனக்குக் கிடைக்கவில்லை. நான் இருந்தவரை சனிக்கிழமை மதியங்களில் வராதவர்கள் பெயரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு, ஹனூர் பஸ் நிற்கும் இடத்தில் கண்டக்டரோடு பேசிக்கொண்டிருப்பேன். அதற்கு எந்தப் பதிவேடும் இல்லை. வீட்டுக்கு வந்த இளைஞர்களிடம், இப்போது அதை யார் செய்கிறார்கள் என்று கேட்டேன். எதைச் செய்வது என்று அவர்களுக்குப் புரியவில்லை. "எல்லாரும் மெயில் பாக்கறாங்க சார்" என்றார்கள். வார்ப்படப் பிரிவிலுமா என்றேன். ஒருவன் மற்றவன் முகத்தைப் பார்த்தான். அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை.

பலகைகள் ஏன் திரும்பவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாதப்பன் வாசலுக்கு வந்த மறுநாள், வியாழக்கிழமை காலை அதிகாரிகள் கூட்டம். நடந்ததை எழுந்து சொல்வது என்று முடிவு செய்து, நான்கு வாக்கியம் மனப்பாடமும் செய்து வைத்திருந்தேன். அவற்றை இன்றுவரை சொல்லவில்லை. நான் எழுவதற்கு முன்னால் பொது மேலாளர் மாதப்பன் விவரத்தை எடுத்தார். அவர் கையில் இரண்டு தாள்கள்தான் இருந்தன: செவ்வாய்க்கிழமை நான் போட்ட நோட்டீஸின் பிரதி, புதன்கிழமை மாலை கேசவமூர்த்தி எழுதிய வரி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, எல்லோரையும் பார்த்துத் திருப்தியாகச் சொன்னார்:

"கம்ப்யூட்டர்ல போட்டு எட்டாவது நாள், ஒடிஞ்ச காலோட ஆள் கேட்டுல வந்து நிக்கிறான். பலகையில ஒட்டியிருந்தா வந்திருப்பானா?"